சூப்பர்ஹீரோ கிராஸ்ஓவர்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

'தி ஃபிளாஷ்' என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ தொடரை முதல் சீசனிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் மூன்றாவது சீசனின் எட்டாவது எபிசோடில் கொஞ்சம் முழிப்பார்கள். திடீரென்று ஏலியன்கள் வந்து இறங்குகிறார்கள். இதுவரை பார்க்காத முகங்கள் பல ஒரு பெரிய கூடத்தில் கூடி நின்று திட்டம் போடுகின்றன. முடியும்போது அவர்களில் ஐந்து பேரை ஏலியன்கள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சரி, அப்புறம் என்ன ஆச்சு என்று ஒன்பதாவது எபிசோடைப் போட்டால், ஏலியன் கதை எப்போதோ முடிந்துவிட்டது. எல்லாரும் வேறு கவலையில் இருக்கிறார்கள்.

அரையாண்டு லீவுக்குக் குன்னூர் வந்திருந்த என் அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தது இந்த இடத்தில்தான்.

"மாமா, நடுவுல எபிசோட் எதுவும் விட்டுப்போச்சா? கடத்திட்டுப் போனவங்க எப்படித் திரும்பி வந்தாங்கன்னே காட்டலையே?"

"விட்டுப்போகலடா. மிச்சக் கதை 'ஆரோ', 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ'ன்னு வேற ரெண்டு சீரியல்ல இருக்கு."

அவனுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். ஒரு தொடரைப் பார்க்க உட்கார்ந்தவனை நான்கு தொடர் பார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் வராது? அதனால் இதைக் கொஞ்சம் ஆற அமர விளக்கலாம் என்று தோன்றியது. இந்தத் தொடர்களை இனிமேல்தான் தொடங்கப்போகிறவர்களுக்கும், பாதியில் குழம்பி நிற்கிறவர்களுக்கும் இது உதவும். கதையின் முடிவுகள் சிலவும் வரும். அது பிடிக்காதவர்கள் இப்போதே நிறுத்திக்கொள்ளலாம்.

தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு தொடர்களின் பாத்திரங்கள் ஒரே கதைக்குள் சந்தித்துக்கொண்டால் அது கிராஸ்ஓவர். நம் டிவிக்கு இது புதிதல்ல. விஜய் டிவியில் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' குடும்பமும் 'பாரதி கண்ணம்மா' குடும்பமும் ஒரே கதையில் சேர்ந்து வந்தபோது அதை மகாசங்கமம் என்று விளம்பரம் செய்தார்கள். என் அம்மா அதில் ஒன்றை மட்டும்தான் பார்ப்பார். "அந்த சீரியல்காரங்க இங்க எதுக்குடா வந்திருக்காங்க?" என்று அவர் கேட்டதும், மருமகன் ஏலியன்களைப் பார்த்துவிட்டுக் கேட்டதும் ஒரே கேள்விதான். சினிமாவிலும் உண்டு. 'கைதி'யில் வந்த போலீஸ் அதிகாரி பிஜாய் 'விக்ரம்' படத்திலும் வந்தார். முதல் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் 'விக்ரம்' புரிந்தது. பார்த்தவர்களுக்கு அவர் முகம் தெரிந்த நொடியில் ஒரு சிலிர்ப்பு கூடுதலாகக் கிடைத்தது.

கிராஸ்ஓவர் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. சிலவற்றில் ஒருவர் மட்டும் இன்னொருவர் தொடருக்கு விருந்தாளியாக வந்துவிட்டுப் போவார். ஒரே எபிசோடில் எல்லாம் முடிந்துவிடும். பார்ப்பவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. வேறு சிலவற்றில் ஒரே கதை மூன்று, நான்கு, ஐந்து தொடர்கள் வழியாக ஓடும். மருமகன் மாட்டிக்கொண்டது இந்த இரண்டாவது வகையில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் வந்தவர்கள் கவனித்திருப்பார்கள்: குன்னூர் வந்ததும் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள், நாம் அதே சீட்டில்தான் உட்கார்ந்திருப்போம், வண்டியின் ஓட்டமும் சத்தமும் மட்டும் மாறிவிடும். பல பாக கிராஸ்ஓவரும் அப்படித்தான். கதை ஒன்றே, ஆனால் 'சூப்பர்கேர்ள்' இழுக்கும் பாகத்தில் வெளிச்சமும் நம்பிக்கையும் இருக்கும், 'ஆரோ' இழுக்கும் பாகம் இருட்டாகவும் குற்ற உணர்வோடும் நகரும், 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ' பாகத்தில் விளையாட்டுத்தனம் தலைதூக்கும். இது தெரிந்து பார்த்தால், ஏன் ஒரு பாகத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பேச்சின் சூடே மாறிவிடுகிறது என்று குழம்ப வேண்டியதில்லை.

இந்த வழக்கம் காமிக்ஸிலிருந்து வந்தது. 1961 செப்டம்பரில் வந்த 'தி ஃபிளாஷ்' 123ஆம் இதழில், பாரி ஆலன் என்ற ஃபிளாஷ் இன்னொரு உலகத்துக்குள் நழுவிப்போய், அங்கே ஜே காரிக் என்ற பழைய ஃபிளாஷைச் சந்திக்கிறான். பாரியின் உலகத்தில் ஜே காரிக் வெறும் காமிக்ஸ் பாத்திரம். பாரி படித்து ரசித்த கதையின் நாயகன். எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ், வரைந்தவர் கார்மைன் இன்ஃபான்டினோ. ஒரே இடத்தில் பல பூமிகள், ஒவ்வொன்றிலும் நாம் அறிந்தவர்களின் வேறு வடிவங்கள் என்ற யோசனை டிசி என்ற காமிக்ஸ் நிறுவனத்தின் கதைகளில் வேர்விட்டது அந்த இதழிலிருந்துதான். இந்தத் தொடர்களில் 'எர்த்-1', 'எர்த்-38' என்று எண் போட்டுப் பேசுவதெல்லாம் அதன் வாரிசு. டிவியில் 1967 மார்ச் 1, 2 தேதிகளில் ஏபிசி சேனலில் பேட்மேனும் ராபினும் கிரீன் ஹார்னெட்டையும் கேட்டோவையும் சந்தித்தார்கள். கேட்டோவாக நடித்தவர் புரூஸ் லீ. இரண்டு தொடர்களையும் தயாரித்தவர் வில்லியம் டோசியர் என்பதால் ஏற்பாடு சுலபமாக இருந்தது. ஆனால் கிரீன் ஹார்னெட் தொடர் ஒரே சீசனோடு நின்றுவிட்டது.

சேனல்கள் இதை ஏன் செய்கின்றன என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. 'ஃபிளாஷ்' பார்க்கிறவரை 'ஆரோ'வுக்கு அழைத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் நவம்பர், பிப்ரவரி, மே, ஜூலை மாதங்களில் எடுக்கப்படும் பார்வையாளர் கணக்கை வைத்து உள்ளூர் நிலையங்கள் விளம்பர விலையைப் பேசும் பழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. இந்தத் தொடர்களை ஒளிபரப்பிய சிடபிள்யூ சேனலின் பெரிய கிராஸ்ஓவர்கள் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் வந்து விழுந்ததற்கு அதுவும், அதற்குப் பிறகு வரும் கிறிஸ்துமஸ் இடைவெளியும் காரணம். நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து, மலை ரயிலை நிறுத்தி, ஐந்தரை மணிக்கே இருட்டிவிடுகிற நாட்களில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து பார்க்க இவை தோதாக அமைந்தன.

புதுத் தொடருக்கு வாசல் திறக்கவும் கிராஸ்ஓவரைப் பயன்படுத்துவார்கள். பாரி ஆலன் முதலில் தலைகாட்டியது 2013 டிசம்பரில், 'ஆரோ'வின் இரண்டாவது சீசனில். அவனுக்கென்று தனித்தொடர் வந்தது 2014 அக்டோபரில். 2018 டிசம்பர் கிராஸ்ஓவரில் பேட்வுமனை அறிமுகம் செய்துவிட்டு 2019 அக்டோபரில் அவளுக்குத் தொடர் தொடங்கினார்கள். இன்னொரு காரணம் சாதாரணமானது: ஆரோ, ஃபிளாஷ், லெஜண்ட்ஸ் மூன்றுக்கும் கனடாவின் வான்கூவரில்தான் படப்பிடிப்பு நடந்தது. சூப்பர்கேர்ளும் 2016இல் சிபிஎஸ்ஸிலிருந்து சிடபிள்யூவுக்கு மாறியபோது லாஸ் ஏஞ்சலஸை விட்டு அங்கேயே போய்ச் சேர்ந்தது. காலையில் ஒரு தொடரின் செட்டிலும் மதியம் இன்னொன்றிலும் நடிகர்கள் நிற்க முடிந்தது. 2018இல் தொடங்கிய 'பிளாக் லைட்னிங்' அட்லாண்டாவில் எடுக்கப்பட்டது. அதன் நாயகன் 2019 கடைசி வரை எந்தக் கிராஸ்ஓவரிலும் வரவில்லை.

இவ்வளவும் வியாபாரம்தானே, பிறகு ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். பார்க்க வேண்டிய காரணம் அந்தச் சந்திப்பில் இருக்கிறது. ஒரு பாத்திரத்தைப் பல வருடம் அவன் வீட்டாரோடும் அவன் கூட்டாளிகளோடும் மட்டுமே பார்த்திருப்போம். அவன் குணம் அவர்களுக்குப் பழகிவிட்டது. யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். வெளியிலிருந்து ஒருவர் வரும்போதுதான், "நீ ஏன் இப்படி நடந்துக்கிற?" என்ற கேள்வி விழும். நல்ல கிராஸ்ஓவர் என்பது அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும் வரை கேமராவை நகர்த்தாமல் வைத்திருப்பது.

2014 டிசம்பரில் வந்த முதல் ஃபிளாஷ்–ஆரோ சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிக்கு மின்னல் வேகம் கிடைத்து அதிக நாளாகவில்லை. வேகம் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். 'ஆரோ'வின் நாயகன் ஆலிவர் குவீனுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. வில், அம்பு, பல வருடப் பயிற்சி, அவ்வளவுதான். ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் பாரிக்குப் பயிற்சி கொடுக்கிறான் ஆலிவர். தூரத்தில் நிற்கும் பாரியை நோக்கி ஓர் அம்பு விடுகிறான். பாரி ஓடி வந்து அதைக் கையில் பிடித்துவிட்டு, இவ்வளவுதானா என்பதுபோல் நிற்கிறான். அடுத்த நொடி அவன் முதுகில் இரண்டு அம்புகள் பாய்கின்றன. ஆலிவர் முன்கூட்டியே அங்கே மறைத்துவைத்திருந்த விசைவில்லிலிருந்து வந்தவை. வேகம் இருந்து என்ன பயன், ஓர் இடத்துக்குள் நுழையும் முன் சுற்றுமுற்றும் பார்க்கத் தெரியவில்லையே என்பது பாடம். பாரிக்குக் காயம் சீக்கிரம் ஆறிவிடும். அது தெரிந்துதான் ஆலிவர் செய்கிறான். ஆனாலும் நண்பன் முதுகில் அம்பு விடுகிற மனிதன் எப்படிப்பட்டவன் என்று நமக்கும் ஒரு கேள்வி எழுகிறது.

அடுத்த எபிசோடில் அந்தக் கேள்வியைப் பாரியே கேட்கிறான். தகவல் வாங்க ஆலிவர் ஒருவனைத் துன்புறுத்துவதைப் பார்த்துப் பதறிப்போகிறான். 'ஆரோ'வைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு இது இரண்டரை சீசனாகப் பழகிய காட்சி. நாமும் கேள்வி கேட்பதை விட்டுவிட்டோம். பாரியின் கண்ணால் பார்க்கும்போது அது மறுபடி கொடுமையாகத் தெரிகிறது. அதே எபிசோடின் கடைசியில் ஊரில் பல இடங்களில் குண்டு வைக்கப்பட்டிருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செயலிழக்கச் செய்ய வேண்டும். பாரி தனியாகச் செய்ய முடியாது. இரண்டு அணியின் ஆட்களையும் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒவ்வொரு குண்டின் முன்னாலும் ஒருவரை நிறுத்துகிறான். சக்தி இல்லாத சாதாரண மனிதர்களின் கைகள் அவனுக்குத் தேவைப்படுகின்றன. முதல் சந்திப்பிலேயே இரண்டு பேரிடமும் இல்லாதது எது என்று காட்டிவிட்டார்கள். இரண்டு எபிசோடுகளும் தனித்தனியாகவும் நிற்கும். ஒன்றை மட்டும் பார்த்தாலும் அந்தரத்தில் விடாது.

எனவே நான் சொல்லும் அளவுகோல் ஒன்றே ஒன்று: இந்தச் சந்திப்பு நடக்காமல் இருந்திருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்க முடியாத ஏதாவது தெரியவந்ததா? ஆம் என்றால் அந்தக் கிராஸ்ஓவருக்கு உங்கள் சாயங்காலத்தைத் தரலாம்.

வில்லனை வைத்து மட்டும் எடைபோட வேண்டாம். கிராஸ்ஓவர் வில்லன்கள் பெரும்பாலும் சப்பையாக இருப்பார்கள், அதற்குக் காரணமும் உண்டு. ஒரு தொடரின் வில்லன் அந்த நாயகனின் பழைய பகைக்கோ பழைய தப்புக்கோ உருவம் கொடுத்தவன். பத்துப் பதினைந்து நாயகர்கள் சேரும்போது எல்லாருக்கும் பொதுவான பகை எங்கே கிடைக்கும்? அதனால் 2016இல் 'இன்வேஷன்' என்ற பெயரில் நான்கு தொடர்களைச் சேர்த்தபோது டாமினேட்டர்கள் என்ற ஏலியன் கூட்டத்தைக் கொண்டுவந்தார்கள். முகம் வேறுபடாத கூட்டம். அடிக்க ஆளுக்கு ஒன்று கிடைக்கும். அவர்களைப் பற்றி எனக்கு இன்று எதுவும் நினைவில் இல்லை.

நினைவில் இருப்பது அதன் 'ஆரோ' பாகம். அது அந்தத் தொடரின் நூறாவது எபிசோடும்கூட. கடத்தப்பட்ட ஐந்து பேரையும் ஏலியன்கள் ஒரு கனவுக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தக் கனவில் ஆலிவர் கப்பலேறவே இல்லை. கப்பல் கவிழவில்லை, தீவில் ஐந்து வருடம் இல்லை, அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருக்கிறார்கள், பழைய காதலி லாரலோடு மறுநாள் கல்யாணம். இழந்ததெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் பொய் என்று தெரிந்துவிடுகிறது. தங்கை தீயா, "நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்கிறாள். வெளியே போய் என்ன இருக்கிறது, இங்கே அம்மா இருக்கிறாளே என்கிற அவள் வாதத்துக்கு ஆலிவரிடம் பதில் இல்லை. கடைசியில் அவளும் வருகிறாள். அந்தப் பாகத்தில் ஃபிளாஷுக்கும் சூப்பர்கேர்ளுக்கும் அதிக வேலை இல்லை. கிராஸ்ஓவர் என்ற சாக்கில் ஆரோ தன் வீட்டுக் கதையைத்தான் சொல்லிக்கொண்டது. மருமகனுக்கு நான் முதலில் போட்டுக்காட்டியது இதைத்தான். ஒன்று கவனியுங்கள்: நான்கு பாகம் என்று விளம்பரம் செய்தாலும் 'சூப்பர்கேர்ள்' எபிசோடில் கிராஸ்ஓவர் என்பது கடைசிச் சில நிமிடங்கள்தான். பாரியும் அவன் நண்பன் சிஸ்கோவும் வந்து உதவி கேட்பார்கள், அவ்வளவே. அதே காட்சி 'ஃபிளாஷ்' பாகத்திலும் வந்துவிடும். அதைத் தேடி அலைய வேண்டாம்.

வில்லன் சிக்கலைச் சரியாக அவிழ்த்தது 2017 நவம்பர் 27, 28இல் இரண்டே இரவுகளில் ஒளிபரப்பான 'கிரைசிஸ் ஆன் எர்த்-எக்ஸ்'. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் வென்றுவிட்ட ஒரு பூமியிலிருந்து எதிரிகள் வருகிறார்கள். தலைவனின் முகமூடியைக் கழற்றினால் அது ஆலிவர். அவன் மனைவி, சூப்பர்கேர்ளின் மறுவடிவம். அவள் இதயம் செயலிழந்துகொண்டிருக்கிறது. அவளைப் பிழைக்கவைக்க நம் சூப்பர்கேர்ளான காராவின் இதயம் வேண்டும் என்றுதான் அவன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். நம் ஆட்களின் பிடிவாதமும் பாசமும் வேறொரு மண்ணில் வளர்ந்தால் என்னவாகும் என்று அவர்கள் முகத்தையே வைத்துக் காட்டியதால், இங்கே வில்லனுக்குக் கனம் வந்தது.

ஆனால் இதையும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கல்யாணத்துக்காக. பாரிக்கும் ஐரிஸுக்கும் கல்யாணம். வெளியூரிலிருந்து நண்பர்கள் வந்திருக்கிறார்கள். முந்தின நாள் விருந்தில் ஆலிவர், இந்த வீட்டுச் சந்தோஷத்தைப் பார்த்த வேகத்தில், தன் காதலி ஃபெலிசிட்டியிடம் நாமும் செய்துகொள்ளலாம் என்று கேட்டுவிடுகிறான். அவள் மறுக்கிறாள், அதுவும் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி. காதல் தோல்வியில் இருக்கிற காராவின் அக்கா அலெக்ஸ், 'லெஜண்ட்ஸ்' அணித் தலைவி சாரா லான்ஸோடு பேச்சுக்கொடுக்கிறாள். கல்யாண வீட்டில் நடக்கிற எல்லாமே நடக்கிறது. சூப்பர்ஹீரோ உடையைக் கழற்றிவிட்டு இவர்கள் சும்மா பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிற இந்த வாய்ப்பு வேறு எந்த வாரத்திலும் கிடைக்காது.

நான்காவது பாகத்தில் பேராசிரியர் மார்ட்டின் ஸ்டைன் இறந்துபோகிறார். அவரும் ஜாக்ஸ் என்ற இளைஞனும் சேர்ந்தால்தான் ஃபயர்ஸ்டார்ம் என்ற ஒரே நாயகன். ஒருவர் காயம் இன்னொருவரையும் கொல்லும். குண்டடிபட்ட அவர், ஜாக்ஸ் பிழைக்க வேண்டும் என்பதற்காக இந்தப் பிணைப்பை அறுக்கும் மருந்தைத் தானே எடுத்துக்கொள்கிறார். அப்புறம் ஜாக்ஸ் அவர் வீட்டுக்குப் போய், கதவு திறக்கக் காத்து நிற்கிறான். 'லெஜண்ட்ஸ்' பார்க்காதவர்களுக்கு இது ஒரு நல்ல காட்சி. பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைத்துவிடும். முன்கதை தெரிந்திருப்பதற்கும் தெரியாததற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: தெரியாவிட்டாலும் புரியும், ஆனால் வலிக்காது.

2018 டிசம்பரில் வந்த 'எல்ஸ்வேர்ல்ட்ஸ்' மூன்றே பாகம். ஒருநாள் காலை ஆலிவர் கண்விழித்தால் உலகமே அவனைப் பாரி ஆலன் என்கிறது. பாரியை ஆலிவர் என்கிறது. வேகம் ஆலிவரிடம், வில் பாரியிடம். சிரிக்கவைப்பதற்காகவே எழுதப்பட்ட பகுதிகள் நிறைய. ஆலிவருக்கு வேகத்தைக் கையாளச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது; பாரி அவனை ஓடச் சொல்கிறான்; ஆலிவர் முதுகில் அம்பு பாய்கிறது. 2014இல் வாங்கியதை நான்கு வருடம் கழித்துத் திருப்பிக்கொடுக்கிறான் பாரி. தொடர்ந்து பார்த்துவந்தவர்களுக்கு எழுத்தாளர்கள் வைத்திருந்த பரிசு அது. விளையாட்டுக்குப் பின்னால் கனமான ஒன்றும் இருக்கிறது. பாரியின் சக்தி சந்தோஷத்திலிருந்தும், ஆலிவரின் திறமை கோபத்திலிருந்தும் வருகிறது என்பதால், இடம் மாறியவர்கள் அந்த உணர்ச்சியையும் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. நான் வைத்த அளவுகோலுக்கு இதைவிடச் சரியாகப் பொருந்துகிற கிராஸ்ஓவர் எனக்குத் தெரிந்து இல்லை.

எதை விடலாம்? 2015 டிசம்பரில் வந்த இரண்டு பாகக் கதையை விடலாம். வண்டல் சாவேஜ் என்ற சாகாத வில்லனும், பிறவிதோறும் தொடரும் ஒரு காதல் ஜோடியும் வருகிறார்கள். 2016 ஜனவரியில் தொடங்கவிருந்த 'லெஜண்ட்ஸ்' தொடருக்கு ஆள் சேர்ப்பதுதான் முழு நோக்கமும் என்பது காட்சிக்குக் காட்சி தெரியும். 'லெஜண்ட்ஸ்' பார்க்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் பாருங்கள்.

மார்வெல் பக்கம் நெட்ஃபிளிக்ஸ் வேறு வழியில் போனது. டேர்டெவில், ஜெசிக்கா ஜோன்ஸ், லூக் கேஜ், அயர்ன் ஃபிஸ்ட் என்று நான்கு பேருக்கும் தனித்தொடர் எடுத்து, 2017 ஆகஸ்ட் 18இல் 'தி டிஃபெண்டர்ஸ்' என்ற எட்டு எபிசோட் தொடரில் சேர்த்தது. அதற்கு முன்னால் வந்தவற்றைக் கூட்டினால் 65 எபிசோட். அத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை. டேர்டெவில் முதல் சீசனும் ஜெசிக்கா ஜோன்ஸ் முதல் சீசனும் போதும் என்பது என் கருத்து. நால்வரும் ஒன்றுசேரவே மூன்று எபிசோட் ஆகிவிடும். நான்காவது எபிசோடில் ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்டுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். மேஜையில் சாப்பாடு வந்துகொண்டே இருக்கிறது, ஒருவரை ஒருவர் நம்பலாமா என்று அளந்துகொண்டே சாப்பிடுகிறார்கள். எட்டில் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் அதைப் பாருங்கள்.

தேயிலை எஸ்டேட் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது நேரம் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் அல்ல. கோத்தகிரி, கொலக்கம்பை மாதிரி இடங்களில் லைன் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. டவுனுக்கு வரும்போது டவுன்லோட் செய்துகொண்டு போய் ராத்திரி பார்க்கிற பிள்ளைகள் நிறையப் பேர். மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் போனில் இருக்கிற சார்ஜ்தான் கணக்கு. ஐந்து எபிசோட் இறக்கிப் பார்க்கப் போகிற பிள்ளை எந்த ஐந்தை இறக்குவது என்பதில் தவறிவிடக் கூடாது.

முற்றிலும் புதியவர் என்றால், 2016 மார்ச் 28இல் வந்த 'சூப்பர்கேர்ள்' முதல் சீசனின் 18ஆம் எபிசோடிலிருந்து தொடங்குங்கள். ஃபிளாஷ் தன் உலகத்திலிருந்து தவறி காராவின் உலகத்தில் வந்து விழுகிறான். அங்கே யாருக்கும் அவனைத் தெரியாது. அதனால் அவனே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். நமக்கும் சேர்த்து அறிமுகம் ஆகிவிடுகிறது. காராவோ ஊர் மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டு, அதை எப்படியாவது உடனே மீட்க வேண்டும் என்று பதைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம், அவசரப்படாதே, பொறுமையாக இரு என்று சொல்வது உலகத்திலேயே வேகமாக ஓடுகிறவன். ஒரே எபிசோட், முன்கதை வேண்டாம், சின்னப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பார்க்கலாம். அதற்கடுத்து 2014 ஜோடி, பிறகு எல்ஸ்வேர்ல்ட்ஸ். எர்த்-எக்ஸுக்கு முன்னால் 'ஃபிளாஷ்' இரண்டு சீசனாவது பார்த்திருந்தால் கல்யாணத்துக்கு நீங்களும் அழைக்கப்பட்டவர் மாதிரி உணர்வீர்கள்.

எங்கே வருகின்றன என்று தேடுவது சிரமமில்லை. ஃபிளாஷிலும் ஆரோவிலும் ஆண்டுதோறும் வந்த கிராஸ்ஓவர் அநேகமாக சீசனின் எட்டாவது அல்லது ஒன்பதாவது எபிசோடில்தான் இருக்கும். அந்த எண் நெருங்கும்போது ஒருமுறை நின்று, பாகங்களின் வரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எர்த்-எக்ஸுக்கு சூப்பர்கேர்ள், ஆரோ, ஃபிளாஷ், லெஜண்ட்ஸ் என்று போக வேண்டும். எல்ஸ்வேர்ல்ட்ஸுக்கு ஃபிளாஷ், ஆரோ, சூப்பர்கேர்ள். நடுவில் ஒரு பாகம் கிடைக்காவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. அடுத்த பாகத்தின் தொடக்கத்தில் முன்கதைச் சுருக்கம் போடுவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்'. 1985இல் மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரஸும் தொடங்கிய 12 இதழ் காமிக்ஸை ஒட்டி எடுத்தது. ஐந்து பாகம்: 2019 டிசம்பர் 8, 9, 10 தேதிகளில் சூப்பர்கேர்ள், பேட்வுமன், ஃபிளாஷ், மீதி இரண்டான ஆரோவும் லெஜண்ட்ஸும் ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு 2020 ஜனவரி 14 அன்று. பழைய சூப்பர்ஹீரோ தொடர்களிலிருந்தும் படங்களிலிருந்தும் யார் யாரோ வந்து தலைகாட்டுவார்கள். பலரும் புதியவர்களிடம் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான், பெயர் பெரிது என்பதால். தயவுசெய்து இதிலிருந்து தொடங்காதீர்கள். ஆலிவர் முதல் பாகத்திலேயே இறக்கிறான். எட்டு வருடம் அவனோடு வராதவர்களுக்கு யாரோ ஒருவன் இறந்ததாகத்தான் இருக்கும்.

மூன்றாவது பாகத்தில் உலகங்களைக் காப்பாற்ற ஃபிளாஷ் சாக வேண்டும் என்பது விதி. பாரி தயாராகிறான். அப்போது இன்னொரு பூமியின் வயதான ஃபிளாஷ் அவன் வேகத்தைப் பறித்துக்கொண்டு தான் ஓடுகிறார். அவராக நடித்தவர் ஜான் வெஸ்லி ஷிப். 1990–91இல் சிபிஎஸ் சேனலில் ஒரே சீசன் ஓடி நின்றுபோன பழைய ஃபிளாஷ் தொடரின் நாயகன் அவரேதான். அவர் ஓடும்போது அந்தப் பழைய தொடரின் காட்சி ஒன்று கண்முன் வந்துபோகிறது. புதிய தொடரில் பாரியின் அப்பாவாகவும் அவர்தான் நடித்தார். அப்பாவை இழந்தவன், அப்பாவின் முகம் கொண்ட ஒருவர் தனக்காக இறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இது முழுதாக உங்களைத் தொட வேண்டும் என்றால் குறைந்தது 'ஃபிளாஷ்' முதல் இரண்டு சீசன் பார்த்திருக்க வேண்டும்.

அதற்கும் நேரமில்லை, கிரைசிஸை எப்படியும் பார்த்தே தீருவேன் என்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். 2014 அக்டோபரில் வந்த 'ஃபிளாஷ்' முதல் எபிசோடின் கடைசி ஐந்து நிமிடத்தை முதலில் பாருங்கள். சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து ரகசிய அறைக்குள் போவார். அங்கே எதிர்காலச் செய்தித்தாள் ஒன்று தெரியும்: தேதி 2024 ஏப்ரல் 25, கிரைசிஸில் ஃபிளாஷ் மறைந்துவிட்டான் என்று தலைப்பு. பின்னாளில், ஐந்தாவது சீசனின் முடிவில், அந்தத் தேதி 2019 டிசம்பர் 10 என்று மாறும். மூன்றாவது பாகம் ஒளிபரப்பானது அதே நாளில்தான்.